பெயரையாவது சொல்லுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் பெரம்பூரில் இருக்கிறேன். ஓர் அச்சகத்தில் கணக்கெழுதும் வேலை. மருத்துவத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் 2023 அக்டோபர் 14 முதல் 2024 ஜனவரி 5 வரை, 84 நாள், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பூனைக்கு ஊசி போட்டிருக்கிறேன். அந்த மருந்துக்கு லேபிள் இல்லை, பில் இல்லை, எழுதிக் கொடுத்த டாக்டரும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பூனையின் பெயர் சுக்கு. மளிகைக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தவன். நிறமும் சுக்கு, அப்போது உடம்பும் சுக்கு. ஒன்பது மாதம் ஆனபோது வயிறு மட்டும் பெருக்க ஆரம்பித்தது. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். முதுகைத் தடவும்போது எலும்பு சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் வேறு. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்கவில்லை. காதின் உள்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது.

நான் கூட்டிப்போன மருத்துவர் கெட்டிக்காரர். வயிற்றில் ஊசி விட்டு நீர் எடுத்து, சிரிஞ்சை டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டினார். கடலை எண்ணெய் நிறம், தொட்டால் நூல் இழுக்கும் பிசுபிசுப்பு. ஒரு கண்ணாடிக் குழாயில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்து, அதன்மேல் அந்த நீரில் ஒரு சொட்டு விட்டார். அது கரையவில்லை. சொட்டு சொட்டாகவே, வாலை இழுத்துக்கொண்டு மெதுவாக அடிக்குப் போனது. ரிவால்டா சோதனை என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் ரத்த அறிக்கை வந்தது. ரத்தத்தில் இருக்கும் இரண்டு புரதங்களான ஆல்புமின், குளோபுலின் விகிதம் 0.3. "எஃப்.ஐ.பி." என்றார். ஃபெலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிட்டோனைட்டிஸ் என்பதன் சுருக்கம், பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய். அதுவரை எல்லாம் சரி.

அடுத்து அவர் சொன்னது இது: "இதுக்கு மருந்து இல்லைம்மா. ஒரு வாரம், பத்து நாள். பிடிச்சதைக் கொடுங்க. ரொம்பக் கஷ்டப்பட்டான்னா கூட்டிட்டு வாங்க, தூங்க வச்சுடலாம்."

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டார். ஆண் பூனை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்தபோது பாடம் அப்படித்தான் இருந்திருக்கும். 1963இல் பாஸ்டன் நகரத்தில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற பெண் மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதினார். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தில் எந்த ஊர் மருத்துவரும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். பூனைகளின் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஒரு கொரோனா வைரஸ், மிஞ்சிப்போனால் நாலு நாள் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடும். சில பூனைகளுக்குள் மட்டும், பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்குள், அது உருமாறி வெள்ளை அணுக்களில் ஏறிக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோக்கிறது. நீர் கோக்காத வகையும் உண்டு. அது கண்ணையும் மூளையையும் பிடிக்கும். எதுவானாலும் முடிவு ஒன்றுதான், 2018 வரை.

என் புகார் 2018க்கும் 2023க்கும் இடைப்பட்ட ஐந்து வருடத்தைப் பற்றியது.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பீடர்சன் என்ற கால்நடை மருத்துவர், மாணவராக இருந்த 1960களிலிருந்து இந்த நோயின் பின்னாலேயே சுற்றியவர். 2019இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஜிஎஸ்-441524 என்ற மருந்தை, இயற்கையாக நோய் வந்த 31 வீட்டுப் பூனைகளுக்குக் குறைந்தது 12 வாரம் தோலுக்கடியில் செலுத்திப் பார்த்திருந்தார்கள். ஐந்து பூனைகள் ஆரம்பத்திலேயே போய்விட்டன. மீதி 26 முழுச் சிகிச்சையையும் தாண்டின. அவற்றில் 18 பூனைகளுக்கு ஒரு சுற்றே போதுமாக இருந்தது. எட்டுக்கு நோய் திரும்பி வந்தது, அவற்றிலும் பெரும்பாலானவை மறுபடி மருந்து போட்டதும் தேறின. நூற்றுக்கு நூறு சாவு என்று எழுதி வைத்திருந்த நோயில் இப்படி ஒரு கணக்கு.

அந்தப் பெயரில் இருக்கும் "ஜிஎஸ்", கிலியட் சயின்சஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் முதலெழுத்து. மருந்து அவர்களுடையது. விலங்குகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. பூனைகளிடம் ஏதாவது பக்கவிளைவு தென்பட்டால் தங்கள் இன்னொரு மருந்துக்கு மனிதர்களுக்கான அனுமதி கிடைப்பதில் சிக்கல் வரும் என்று தயங்கினார்கள் என அப்போது செய்திகள் வந்தன. அந்த இன்னொரு மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். ரெம்டெசிவிர்.

ரெம்டெசிவிர் உடம்புக்குள் போனதும் மாறிக் கிடைக்கும் பொருள்களில் ஒன்றுதான் இந்த ஜிஎஸ். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் சித்தப்பாவுக்காக கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. மருந்துச் சீட்டு, ஆதார், சோதனை முடிவு, சி.டி. ஸ்கேன், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெயிலில், இரண்டு முகக்கவசத்தோடு. கூட்டம் தாங்காமல் மே மாதம் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். எங்களுக்கு மருந்து கிடைத்தது. சித்தப்பா பிழைக்கவில்லை. கோவிட்டில் மருத்துவமனையில் கிடப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஊரே அடித்துக்கொண்டு வாங்கிய அந்தக் குப்பி, மனிதரைவிடப் பூனைக்குத்தான் அதிகம் வேலை செய்கிறது என்றால் சிரிப்பதா, அழுவதா?

ஆஸ்திரேலியாவில் கால்நடை மருத்துவர்கள் 2020 கடைசியிலேயே எஃப்.ஐ.பி. பூனைகளுக்கு ரெம்டெசிவிர் போட ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் 2021 ஆகஸ்டிலிருந்து ரெம்டெசிவிர் ஊசியும் ஜிஎஸ் மாத்திரையும் மருத்துவர் சீட்டில் முறையாகக் கிடைக்கின்றன. 2023இல் சைப்ரஸ் தீவில் இந்த நோய் பூனைகளிடம் காட்டுத்தீயாகப் பரவியபோது, மனிதர்களின் கோவிட்டுக்கென்று வாங்கி மீந்திருந்த மோல்னுபிராவிர் மாத்திரையைப் பூனைகளுக்குத் திருப்பிவிட்டது அந்நாட்டு அரசு. நான் ஆட்டோவில் திரும்பியதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது அது.

நம் நாட்டின் நிலைமை இன்னும் வேடிக்கை. கிலியட்டிடம் உரிமம் பெற்று 2020 முதல் இந்திய நிறுவனங்களே ரெம்டெசிவிர் தயாரித்தன. மனிதருக்கான மருந்தை விலங்குக்கு எழுதுவது உங்களுக்குப் புதிதா என்ன? மெட்ரோனிடசோல், பிரட்னிசோலோன், லேசிக்ஸ், எல்லாம் எங்கள் தெரு மருந்துக் கடையில் வாங்கி வரச் சொல்லி எழுதுகிறீர்கள். இது மட்டும் ஏன் சீட்டுக்கு வரவில்லை?

சரி, என் கதைக்கு வருகிறேன். மருந்து இல்லை என்று கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி போனில் தேடி, ஒரு பூனைக் குழுவில் போய் விழுந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் வந்தது. எடை கேட்டார்கள், நீர் கோத்ததா, கண் எப்படி இருக்கிறது, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. மேலே "முகப்பூச்சு" என்று எழுதியிருந்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய ஆறு குப்பி, நீல மூடி. மார்க்கரில் ஓர் எண், அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு விற்றவர் வாக்கு மட்டுமே சாட்சி. 84 நாளைக்கு மொத்தம் ₹58,000 ஆனது. தோடு அடகுக்குப் போனது. "ஒரு பூனைக்கா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ஊசி போடக் கற்றுக் கொடுத்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கு, அடிவாரத்தில் குத்து, கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார், ரத்தம் வரவில்லையென்றால் மெதுவாக அழுத்து. படிக்க எளிது. ஆனால் அந்த மருந்து அமிலம் மாதிரி எரியும். மூன்றாம் நாளே சுக்குவுக்கு எட்டு மணி எப்போது வரும் என்று தெரிந்துவிட்டது, பீரோ அடியில் போய்ப் பதுங்குவான். சாளைக் கருவாட்டை வாட்டி அந்த மணத்தில்தான் வெளியே இழுப்போம். அம்மா துண்டில் சுற்றிப் பிடிப்பாள், நான் குத்துவேன், அவன் கத்துவான். ஒரு தடவை என் கட்டைவிரல் எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. இருபதாம் நாள் வாக்கில் முதுகில் இரண்டு இடத்தில் தோல் வெந்து புண்ணானது. அதை யாரிடம் காட்டுவது?

காட்டினேன். இன்னொரு மருத்துவமனை. ரத்தம் எடுத்துத் தருகிறேன் என்று சம்மதித்த மருத்துவர், கையுறை போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்க என்ன ஊசி போடுறீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க." அவர் நல்லவர். புண்ணுக்கு மருந்தும் கொடுத்தார். எந்த ஊசியால் வந்த புண் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எடைக்குத் தகுந்தபடி அளவு மாற வேண்டும். வீட்டில் பூனைத் தராசு ஏது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி கடை திறந்ததும், கூட்டம் வருவதற்குள், சுக்குவைக் கம்பிக் கூடையில் வைத்துத் தூக்கிப் போவேன். அண்ணாச்சி முதலில் வெறும் கூடையை வைத்து எண்ணைச் சுழியாக்குவார், பிறகு பூனையோடு. முதல் ஞாயிறு 2 கிலோ 340. அடுத்த ஞாயிறு 2 கிலோ 90. எனக்கு உயிரே போய்விட்டது. வயிற்று நீர் வடிவதால்தான் எடை குறைகிறது, இது நல்ல சகுனம், அளவைக் குறைத்துவிடாதே என்று வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத ஒரு பெண் ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் போட்டார். அவரும் மருத்துவர் இல்லை. அவர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

மருந்து வேலை செய்யும் வேகத்தைப் பற்றி நான் சொன்னால் மிகையாகத் தெரியும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டான். அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இரண்டு வாரத்தில் வயிறு வற்றியது.

51ஆம் நாள் மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. பெரம்பூர் எப்படி மிதந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டிக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. 52ஆம் நாள் ஊசியை மெழுகுவத்தி வெளிச்சத்தில் போட்டேன். சிரிஞ்சின் கோடு சரியாகத் தெரியவில்லை. ஒரு கோடு கூடியதா குறைந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. புதுக் குப்பி கொண்டுவர வேண்டிய கூரியர் நாலு நாள் வரவில்லை. கையிலிருந்த கடைசிக் குப்பியில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று ஒரு நோட்டில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அப்போது அரை கிலோமீட்டரில் ஒரு மருந்துக் கடை திறந்துதான் இருந்தது. கையில் உங்கள் சீட்டு ஒன்று இருந்திருந்தால் அங்கேயாவது போய்க் கேட்டுப் பார்த்திருப்பேன்.

உங்கள் தயக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அனுமதியில்லாத மருந்து, நாளைக்கு ஏதாவது ஆனால் பிடிக்கப்போகும் சட்டை உங்களுடையது. மனிதர் மருந்தை மாட்டுக்குப் போட்டதன் விலையை, அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் உயிரால் கொடுத்ததும் நமக்குத் தெரியும். டைக்ளோஃபெனாக் என்ற அந்த வலி மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2006 ஆனது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவதை அடைக்க 2015 ஆனது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளைப் பார்த்தவர்கள் மருந்து விஷயத்தில் விளையாட மாட்டார்கள். ஆனால் அதே கதையை இப்படியும் படிக்கலாம் இல்லையா? மருந்து ஏற்கனவே தெருவில் புழங்கும்போது, பார்க்காததுபோல் இருப்பதால் ஆபத்து குறையாது. என்ன கொடுக்கப்பட்டது, எவ்வளவு, என்ன ஆனது என்று யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். இந்த ஊரில் எத்தனை பூனைகள் இந்த ஊசியால் பிழைத்தன, எத்தனை செத்தன என்ற கணக்கு இப்போது எங்களைப் போன்றவர்களின் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். வயிறு வீங்கினாலே எஃப்.ஐ.பி. என்று முடிவு கட்டி, ரத்தம்கூடப் பார்க்காமல் நீல மூடிக் குப்பியைக் குத்துகிறவர்கள் குழுக்களில் உண்டு. இதய நோயையும் புற்றுநோயையும் கல்லீரல் கோளாறையும் இப்படி ஊசியில் கரைக்கப் பார்த்து நாள் கடத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். மருந்து சரியாகப் போட்டும் போய்விட்ட பூனைகளும் உண்டு. பணமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தூங்க வைத்துவிடலாம் என்று சொல்வது கருணைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "இப்படி ஒரு மருந்து இருக்கிறது, இவ்வளவு ஆகும், இவ்வளவு நாள் ஆகும், உறுதி இல்லை" என்று சொன்ன பிறகு சொல்லுங்கள். எனக்கு அந்த முதல் பாதியைச் சொல்லவில்லை. போனில் தேடத் தெரிந்ததால் சுக்கு பிழைத்தான். தெரியாத எத்தனை பேர் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்?

ஆகவே, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எஃப்.ஐ.பி. என்று சொன்ன அதே மூச்சில் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். ரெம்டெசிவிர் பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் பெயர் போட்ட சீட்டில் எழுதுங்கள். நாங்கள் வெளியே வாங்கிவிட்டோம் என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ரத்தம் பாருங்கள், அளவைச் சரிபாருங்கள், புண்ணைப் பாருங்கள், எழுதி வையுங்கள். உங்களில் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்களும் சேர்ந்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இந்த மருந்துக்கு ஒரு வழி கேளுங்கள். நாங்கள் கேட்டால் பூனைப் பைத்தியம் என்பார்கள். 2024 மே மாதத்தில், சுக்கு தேறி முடித்த பிறகு, அமெரிக்காவின் மருந்துத் துறையே, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்தகங்கள் ஜிஎஸ் மாத்திரை தயாரித்துக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. புது அனுமதி என்று எதுவும் தரவில்லை, கதவைச் சாத்தாமல் விட்டார்கள், அவ்வளவே. ஜெர்மனியில் 40 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், நீர் கோத்த வகைக்கு 84 நாள் வேண்டியதில்லை, மாத்திரையாகவே 42 நாள் கொடுத்தால் போதும் என்று தெரிந்து அதே வருடம் வெளியிட்டார்கள். 42 நாள், அதுவும் ஊசியே இல்லாமல்! சுக்குவின் முதுகில் முடி முளைக்காத இரண்டு வட்டத்தைத் தடவும்போதெல்லாம் அந்தக் கணக்கு எனக்கு நினைவு வரும்.

84 நாள் ஊசி, அப்புறம் 84 நாள் காத்திருப்பு. மார்ச் 29ஆம் தேதியோடு அதுவும் முடிந்தது. நோய் திரும்பவில்லை. அண்ணாச்சி தராசில் கடைசியாக நிறுத்தபோது 5 கிலோ 120. "இனிமே இவனுக்கு வேற தராசு பாருங்க தங்கச்சி" என்றார்.

என் நோட்டின் நகல் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். தேதி, எடை, அளவு, காய்ச்சல், எத்தனை தடவை கடித்தான் என்பது உட்பட எல்லாம் இருக்கிறது. 52ஆம் நாளுக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி. ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் இரண்டு குப்பி மீதி இருக்கிறது. தேதி இல்லாததால் அவை காலாவதியாகிவிட்டனவா என்றுகூடச் சொல்ல முடியாது.

போன மாதம் அயனாவரத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். கல்லூரியில் படிக்கிறவன், குரல் நடுங்கியது. பூனைக்கு வயிறு வீங்கியிருக்கிறதாம், பேரு எஃப்.ஐ.பி.யாம், என்கிட்ட மருந்து இருக்குமா என்று கேட்டான். இங்கே வராதே தம்பி, முதலில் நல்ல டாக்டராகப் பார்த்துப் போ என்றேன்.

"டாக்டர்தான்க்கா உங்க நம்பர் கொடுத்தாரு" என்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பிறகு, எடை எவ்வளவு என்று கேட்டேன்.

இப்படிக்கு,
சுக்குவின் வீட்டுக்காரி, பெரம்பூர்